பஹிய்யா வீட்டுச் சுவரில் ஒரு பேரீச்ச மரம்

“ ‘முறையான பயிற்சி எதுவும் இல்லாத கிராமத்து ஓவியர். கற்பனையைக் கொண்டே வரைந்தவர்.’ ” நெர்மீன் அட்டையை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “சரிதானே உஸ்தா?”

“சரியில்ல,” என்றார் ஷாஸ்லி.

“எது சரியில்ல?”

“ரெண்டுமே. பயிற்சி இல்லாதவன்னு யாரு சொன்னது? மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே சாரத்துல ஏறினவன் நான். கோணலாக் கோடு போட்டா வீட்டுக்காரன் கீழேருந்து ஏணிய உருவிட்டுப் போயிருவான். உங்க காலேஜுல அப்படி ஒரு வாத்தியார் உண்டா டாக்டரம்மா?”

“இல்ல. இருந்திருந்தா நான் இன்னும் ஒழுங்காப் படிச்சிருப்பேன்.”

“அப்புறம் கற்பனைன்னு போட்டிருக்கீங்க. மக்கா போயிட்டு வந்த ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சுத் துருவித் துருவிக் கேட்டுத்தான் போட்டேன். கதவு எந்தப் பக்கம், தங்க எழுத்து எந்த உயரத்துல ஓடுது, புறா எங்க உக்காரும், எல்லாம். ஒருத்தன் கதவு நெஞ்சு உயரம்பான். இன்னொருத்தன் தலைக்கு மேலம்பான்.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“நடுவுல வைப்பேன். ஊரே பாத்துட்டு வந்தத ஒரு கையால போட்டிருக்கேன். அதுக்குப் பேரு கற்பனையா?”

நெர்மீன் ‘கற்பனை’ என்ற சொல்லின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். ஷாஸ்லி குல்லாவைச் சரி செய்துகொண்டு, வாதத்தில் வென்றவர் போலச் சுற்றிலும் பார்த்தார்.

நைல் கரைப் பட்டணத்தில் புதிதாகக் கட்டிய அருங்காட்சியகத்தின் நாட்டார் கலைக்கூடம் அது. அடுத்த வாரம் திறப்பு விழா. தண்ணீர்ச் சாடிகள், மணி கோத்த முக்காடுகள், கப்பல் முனையில் பதித்த மரக் கண்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றின் கீழும் செய்தவரைப் பற்றி ஓர் அட்டை வைக்க வேண்டும் என்பது, டாக்டர் பட்டம் வாங்கி இந்தக் கூடத்தைக் கவனிக்கும் நெர்மீனின் பிடிவாதம். ஆனால் பெரும்பாலான அட்டைகளில் ‘செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்பதற்கு மேல் எழுத எதுவும் கிடைக்கவில்லை. பெயர் தெரிந்த ஓவியர், தொழில் ஆசான் என்ற மரியாதையில் அவள் ‘உஸ்தா’ என்று கூப்பிடும் ஷாஸ்லி ஒருவர்தான். உயிரோடு வந்து அட்டையில் குற்றம் கண்டுபிடிக்கக்கூடியவரும் அவர்தான்.

கூடத்தின் நடுவில் இரும்புச் சட்டத்துக்குள் நின்றது அவர் வரைந்த சுவர். நஜ் மர்ஸூக் கிராமத்தில் பஹிய்யா வீட்டின் முகப்பு. சாலையை அகலப்படுத்த வீட்டை இடிக்கும்போது, பஹிய்யாவின் மகன் மஹ்ரூஸ் அந்த முகப்பை மட்டும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டான். பச்சைமண் செங்கல்லின் மேல் சுண்ணாம்பு. அதன் மேல் நீலக் கடலில் ஒரு கப்பல், சிவப்புப் பிடரிச் சிங்கம், ஒட்டகம், கருந்திரை போர்த்திய கஃபா, அதன் பக்கத்தில் ஓர் உயரமான பேரீச்ச மரம். உச்சியில் பெரிய எழுத்தில், ஹஜ்ஜு முடித்தவளுக்கு ஊர் கொடுக்கும் பட்டத்தோடு, ‘ஹஜ்ஜா பஹிய்யா’.

ஷாஸ்லி பெரிய ஓவியர் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டகத்தின் பின்னங்கால் அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை. எந்தச் சுவரில் பார்த்தாலும் அது உட்காரப் போகிறதா எழப் போகிறதா என்று சந்தேகமாகவே இருக்கும். சிங்கத்துக்கு மனித மூக்கு. ஆனால் எங்கே எதை வைப்பது என்பதில் அவர் கை ஒருபோதும் தயங்கியதில்லை. வெறும் சுவரின் முன்னால் அவர் நிற்கும் தோரணையைப் பார்த்தால், படம் முன்பே அங்கே இருப்பதாகவும் இவர் தூசி தட்டத்தான் வந்திருக்கிறார் என்றும் தோன்றும்.

“இன்னொரு விஷயம் உஸ்தா. நீங்க சந்தோஷப்படுவீங்க.” நெர்மீன் சன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாள்.

வெளிச்சம் சுவரின் மேல் சாய்ந்து ஓடியது. பேரீச்ச மரத்தின் அடியில் சுண்ணாம்பு மெல்லிய மேடாகப் புடைத்துத் தெரிந்தது. அந்த மேட்டுக்கு ஒரு வடிவம் இருந்தது. தலை, தோள், வானை நோக்கி உயர்த்திய இரண்டு கைகள்.

“ஒரு பொம்பள,” என்றாள் நெர்மீன். “கஃபா பக்கத்துல நின்னு துஆ கேக்குறா. அவ மேல பின்னால யாரோ சுண்ணாம்பு பூசி இந்த மரத்தப் போட்டிருக்காங்க. மரத்த மெதுவா எடுத்துட்டா அவ முழுசா வெளிய வந்துருவா. மஹ்ரூஸ்கிட்ட சொன்னேன், ஆள் குதிக்கிறாரு. திறப்பு விழாவுக்கு முன்னாடியே அம்மா உருவம் வந்தாகணுமாம்.”

ஷாஸ்லி வெளிச்சத்திலிருந்து ஓரடி விலகி நின்றார்.

“மரம் நான் போட்டதுதான்,” என்றார். “சுவர்ல ஈரம் ஊறிச்சு. அந்த இடம் உப்பிப் போச்சு. அதனால பூசினேன்.”

நெர்மீன் விரல் முட்டியால் அந்த இடத்தை மெல்லத் தட்டிக் காட்டினாள். கெட்டியான சத்தம். “ஈரம் பட்ட சுவர் இப்படிப் பேசாது உஸ்தா. அது எனக்கு உங்க அளவுக்கு இல்லேன்னாலும் கொஞ்சம் தெரியும். அடியில இருக்குற வண்ணம் புதுசு மாதிரி இருக்கு. நல்லாயிருந்த உருவத்த எதுக்கு மறைச்சீங்க?”

அவர் போய்ச் சன்னல் திரையை விலக்கிவிட்டார்.

“மறைச்சதுக்குக் காரணம் இருந்தாச் சொல்லுங்க, நான் தொடமாட்டேன். காரணம் இல்லேன்னா எடுக்குறதுதான் முறை. குடும்பமும் கேக்குது. வியாழக்கிழமை வேலைய ஆரம்பிக்கணும்.”

“மரத்தத் தொடாதீங்க டாக்டரம்மா.”

“ஏன்?”

“அது சொல்ல எனக்கு உரிமை இல்ல,” என்று சொல்லிவிட்டு ஷாஸ்லி வெளியே வந்தார். தன் தொழிலைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் கிளம்பி வந்தது அதுதான் முதல் தடவை.

ஷாஸ்லியின் அப்பா நைல் படகுகளுக்குத் தார் பூசுகிறவர். மகனுக்குத் தார் வாடை பிடிக்கவில்லை. தார் காய்ந்ததும் படகின் முனையில் ஒரு கண் வரைவார்களே, அந்த வேலைதான் பிடித்தது. பிறகு கடைப் பலகை, லாரியின் முதுகு, தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பெயர் என்று கிடைத்ததையெல்லாம் எழுதினார். ஆனால் அவரை ஊர் ஊராக அழைக்க வைத்தது ஹஜ்ஜுச் சுவர்தான்.

ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போனதும் அவர் வீட்டார் ஷாஸ்லியைத் தேடி வருவார்கள். போனவர் திரும்புவதற்குள் முகப்பு வெள்ளையடித்து, படம் வரைந்து, பெயர் எழுதி முடிந்திருக்க வேண்டும். வந்து இறங்குகிறவர் தன் வாசலில் தானே மக்காவில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பெண்கள் குலவை இடுவார்கள், மேளம் அடிக்கும், சர்பத் சுற்றும். நடந்ததைக் காட்டுவதுதான் படம் என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். ஷாஸ்லியின் தொழிலில் முறை வேறு. படம் முதலில் முடிந்துவிடும். நடக்க வேண்டியது அதன் பின்னால் வந்து சேரும். போனவர் மேலும், கடல் மேலும், எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவன் மேலும் உள்ள நம்பிக்கையில் தூரிகை எடுக்கிற வேலை அது. அந்த நம்பிக்கை ஒரே ஒருமுறைதான் அவரைக் கைவிட்டது.

பஹிய்யாவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செங்கடல் கரையில் ஸஃபாகா துறைமுகத்தில் இருந்த அவள் சித்தப்பா மகன், தன் மனைவியோடு அவளையும் ஹஜ்ஜுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அந்த வருடம் கிராமத்திலிருந்து வேறு யாரும் போகவில்லை. அவள் பேருந்து ஏறிய மறுநாளே ஷாஸ்லி சாரம் கட்டினார். அப்போது அவர் கல்யாணமான இளைஞர். கீழே பள்ளிக்கூடப் பையனாக இருந்த மஹ்ரூஸ் நீலப்பொடி கரைத்துக் கொடுத்துக்கொண்டே, “அம்மாவ இன்னும் பெருசாப் போடு, கப்பலவிடப் பெருசாப் போடு,” என்று நச்சரித்தான். ஷாஸ்லியும் பெரிதாகத்தான் போட்டார். வெள்ளை உடை, உயர்த்திய கைகள், நேராகப் பார்க்கும் கண்கள். அதுவரை அவர் வரைந்ததிலேயே நன்றாக வந்த உருவம் என்று அவரே நினைத்தார்.

பஹிய்யா வந்தாள். மேளம் அடித்தார்கள். அவள் சுவரை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். பரவசம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சில நாள் கழித்து, ரொட்டி மாவை வெயிலில் புளிக்க வைக்கிற காலை நேரத்தில், அவள் ஷாஸ்லியைத் தன் வீட்டு அடுப்படி முற்றத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். யாரும் பக்கத்தில் இல்லை.

“நான் போகலடா,” என்றாள்.

பணம் வாங்கிய தரகன் கொடுத்த பயண அனுமதித் தாள்கள் மூன்றுமே பொய் என்று கப்பலடியில் தெரிந்திருக்கிறது. மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தரகன் போன திசை தெரியவில்லை. ஹஜ்ஜு முடிகிறவரை அவள் ஸஃபாகாவில் சித்தப்பா மகன் வீட்டில் மீன் பொரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஊருக்குப் பேருந்து ஏறினாள். தெருமுனையில் மேளம் கேட்டது. பிறகு சுவர் தெரிந்தது.

“வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மஹ்ரூஸ் ஓடி வந்து, ‘அம்மா, பாரு, நீ கப்பலவிடப் பெருசு’ன்னான். எங்கேருந்துடா சொல்றது?”

“பேர அழிச்சிரட்டுமா அக்கா?”

“பேர அழிச்சா ஊரு கேக்கும். அந்தப் பொம்பளைய மட்டும் எடுத்துரு. போகாத எடத்துல நின்னுக்கிட்டு என்னையே பாக்குறா. வாசல்ல கால் வைக்க முடியல.”

அன்று மதியமே ஷாஸ்லி ஈரம் என்று சொல்லிச் சுண்ணாம்பு பூசினார். வெற்றிடம் கண்ணை உறுத்துமே என்று பேரீச்ச மரம் போட்டார். ஊர் நம்பியது. அவர் மனைவி இன்ஸாஃப் மட்டும், “வெயில்ல வெடிக்கிற சுவர்ல ஈரமாம்! உன் சுண்ணாம்புக்குத்தான் வேர்த்திருக்கும்,” என்று சொல்லி அதோடு விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து ஊர் முழுக்க அவள் ‘ஹஜ்ஜா பஹிய்யா’. ஷாஸ்லி மட்டும் ‘அக்கா’ என்றே கூப்பிட்டார். மஹ்ரூஸ் வளர்ந்து, கட்டட வேலை எடுத்துச் செய்கிற பெரிய ஆளான பிறகு, ஒருமுறை டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டே விட்டான்: “எங்கம்மாவ ஹஜ்ஜான்னு கூப்பிட்டா உன் வாய் வெந்துருமா மாமா?” ஷாஸ்லி டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, “எனக்கு மொதல்ல அக்கா, அப்புறந்தான் மத்தது,” என்றார்.

நெர்மீனிடமிருந்து நேராக அவர் மஹ்ரூஸின் புது வீட்டுக்குத்தான் போனார். சாலையோரத்தில் இரண்டு மாடி, இன்னும் வண்ணம் அடிக்காத சிமெண்டுப் பூச்சு. கீழ்த்தளத்தில், குளிர்காய்கிற வெயிலில், பஹிய்யா முலூக்கியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயது எண்பதை நெருங்கிவிட்டது. முழங்கால் போய்விட்டது. வாய் போகவில்லை.

“வாடா ஒட்டகக்காரா. மியூசியத்துல உன்னக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். வெளிய விட்டுட்டாங்களா?”

“அக்கா, மரத்த எடுக்கப் போறாங்க.”

பஹிய்யாவின் கை நின்றது.

“எந்த மரம்?” என்றார், எந்த மரம் என்று நன்றாகத் தெரிந்தே.

ஷாஸ்லி எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு, உயர்த்திய கைகள், மஹ்ரூஸ் குதித்தது, வியாழக்கிழமை.

“அவ இன்னும் அங்கயேதான் நிக்கிறாளா?” என்றார் பஹிய்யா மெதுவாக. “நீ சுரண்டி எடுத்துட்டேன்னுல்ல நெனச்சேன்.”

“மேல பூசினேன். சுரண்ட மனசு வரல. நல்லா வந்திருந்துச்சு.”

“ஒன் பெருமைய நாய் கொண்டு போக! நல்லா வந்துச்சாம்.” கீரைக் காம்பை அவர் மேல் எறிந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஷாஸ்லி, ஒனக்கு ஒண்ணு தெரியுமா? நான் அதுக்கப்புறம் போயிருக்கலாம். காசு சேந்துச்சு. எங்கண்ணனுக்கு ஹஜ்ஜுக் குலுக்கல்ல பேரு வந்துச்சு, அவன் மக்கா போனான். அண்ணி போனா. மஹ்ரூஸே போனான். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் என்னப் பாத்து, ‘ஒனக்கென்ன, நீதான் முடிச்சிட்டியே’ன்னாங்க. நான் கூட்டத்தோட நின்னு குலவை போட்டேன். நீ போட்ட சுவர் என் வழிய மறிச்சு நின்னுச்சுடா.”

இந்த வார்த்தை ஷாஸ்லி மேல் கல் மாதிரி விழுந்தது. இத்தனை வருடமும் அந்த மரத்தைப் போட்டதைத் தான் செய்த ஒரு நல்ல காரியமாகவே அவர் எண்ணியிருந்தார். ஒருவருக்கு நாம் செய்த உதவியை அவர் பக்கம் போய் நின்று பார்ப்பதில்லை; பார்த்திருந்தால் பாதி உதவிகளுக்கு வேறு பெயர் வைத்திருப்போம்.

“நான் என்ன பண்ணணும் சொல்லுக்கா. டாக்டரம்மாகிட்ட நான் ஏதாவது கதை கட்டுறேன். எனக்கே அந்த உருவம் பிடிக்கலேன்னு சொல்றேன்.”

“நீயா? ஒனக்குப் பிடிக்காத ஒன் படம் ஒண்ணு ஒலகத்துல இருக்குன்னு சொன்னா எவ நம்புவா?” பஹிய்யா கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார். “வியாழக்கிழமை வண்டி வச்சு என்னக் கூட்டிட்டுப் போ. மஹ்ரூஸும் வரட்டும். ஆனா அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத.”

வியாழக்கிழமை காலை கூடத்தில் நெர்மீன் மெல்லிய கத்திகள், பஞ்சு, புட்டிகள் எல்லாவற்றையும் துணி விரித்து அடுக்கி வைத்திருந்தாள். மஹ்ரூஸ் புது ஜலாபியா அங்கியில், தோளில் சால்வையோடு வந்திருந்தான். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சுவரின் முன்னால் அவனே தள்ளிக்கொண்டு வந்தான்.

“டாக்டரம்மா, ஆரம்பிங்க. திறப்பு விழாவுக்கு ஊர்த் தலைவரே வர்றாரு. எங்கம்மா கஃபா பக்கத்துல நிக்கிறத அவரு பாக்கணும்.” ஷாஸ்லி பக்கம் திரும்பினான். “ஏன் மாமா முகத்த இப்படி வச்சிருக்க? அன்னைக்கு மறைச்சது தப்புன்னு இப்பத் தெரியுதா?”

ஷாஸ்லி பேரீச்ச மரத்தையே பார்த்தார். எத்தனையோ சுவர்கள் மழையிலும் புல்டோசரிலும் போனபோது அவர் கலங்கியதில்லை. சுவர் போனால் இன்னொரு சுவர். இந்த ஒரு மரம் போய்விடக்கூடாது என்று இப்போது வேண்டிக்கொண்டார்.

“அந்த விளக்கப் பிடி மகளே,” என்றார் பஹிய்யா.

நெர்மீன் விளக்கைச் சாய்த்தாள். கைகளை உயர்த்திய பெண் சுண்ணாம்புக்குள்ளிருந்து புடைத்துத் தெரிந்தாள். பஹிய்யா நெடுநேரம் பார்த்தார்.

“தோள் இவ்வளவு அகலமாவா இருந்தேன்?”

“மஹ்ரூஸ்தான் பெருசாப் போடச் சொன்னான்,” என்றார் ஷாஸ்லி.

“மஹ்ரூஸ், இங்க வா. குனி.” மகன் குனிந்தான். “அது நான் இல்ல.”

“நீதாம்மா. நாந்தானே நீலப்பொடி கரைச்சுக் கொடுத்தேன்!”

“நான் ஸஃபாகாவத் தாண்டலடா. தாள் பொய். கப்பல்ல ஏத்தல. அந்த நாளெல்லாம் மீன் பொரிச்சிட்டு இருந்தேன். அப்புறம் இங்க வந்தேன். நீ மேளக்காரனுக்கு முன்னாடி ஓடி வந்த.”

மஹ்ரூஸ் நிமிர்ந்தான். முதலில் நெர்மீனைப் பார்த்தான், பிறகு ஷாஸ்லியை. “இவருக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றார் ஷாஸ்லி.

“ஊருக்கே ஹஜ்ஜா. எனக்கே ஹஜ்ஜா. என் கல்யாணப் பத்திரிகையில ‘ஹஜ்ஜா பஹிய்யாவின் மகன்’. இத்தனை வருஷமா எங்கம்மா யாருன்னு எனக்குத் தெரியாது, இந்தப் பெயிண்டருக்குத் தெரியும்!” அவன் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. “அதுதான் அக்கா, அக்கான்னு கூப்பிட்டியா? என்னப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சியா?”

“சிரிக்கல. பொய் சொல்ல வாய் வரல. உண்மை சொல்ல உரிமை இல்ல. நடுவுல ‘அக்கா’தான் இருந்துச்சு.”

மஹ்ரூஸ் சால்வையை உருவி நாற்காலியின் கைப்பிடியில் எறிந்துவிட்டு வாசல் வரைக்கும் போனான். அங்கே சற்று நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது அவன் கேட்டது வேறு கேள்வி.

“அப்ப நான் போனப்ப... நான் போறப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லல? ‘மொதல்ல நான் போறேன், நீ இரு’ன்னு ஏன் சொல்லலம்மா?”

“ஹஜ்ஜா வந்து மொத ஹஜ்ஜுக்குப் போகணும்னு சொன்னா எவன்டா கேப்பான்?”

மஹ்ரூஸ் தரையில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு மடங்கி உட்கார்ந்ததில் புது ஜலாபியா முழுக்கத் தூசி ஒட்டியது.

“இந்த வருஷம் ஹஜ்ஜுக் குலுக்கலுக்கு ஒன் பேரக் கொடுக்குறேன்,” என்றான்.

“முழங்காலப் பாத்தியா?”

“அங்க சக்கர நாற்காலி உண்டும்மா.”

“உண்டு,” என்றார் ஷாஸ்லி. “ரெண்டு சுவர்ல போட்டிருக்கேன். சக்கரம் நல்லாவே வரும் எனக்கு.”

“சக்கரத்துக்குப் பின்னங்கால் இல்லேல்ல, அதான்,” என்றார் பஹிய்யா.

மஹ்ரூஸ் சிரிக்கவில்லை. ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சால்வையை எடுத்து அம்மாவின் மடியில் போட்டான்.

நெர்மீன் விளக்கை அணைத்தாள். துணியில் அடுக்கியிருந்த கத்திகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

“மரம் இருக்கும்,” என்றாள். “மறைச்சவரே வரைஞ்சவர். காரணமும் தெரிஞ்சு போச்சு. இதுக்கு மேல எடுத்தா நான் படத்தச் சுத்தம் பண்ணல, அழிக்கிறேன்னு அர்த்தம். ஆனா அட்டையில என்ன எழுதட்டும் ஹஜ்...” நிறுத்திக்கொண்டாள். “என்ன எழுதட்டும் அம்மா? ஹஜ்ஜுப் பயணத்தின் நினைவாகன்னு போட்டிருக்கேன்.”

“போனேன்னு போடாத. போகலேன்னும் போடாத. புறப்பட்டாள்னு போடு. புறப்பட்டது உண்மைதானே?”

நெர்மீன் மஹ்ரூஸைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். ஊர்த் தலைவர் அந்த அட்டையைப் படித்தால் என்ன கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். பதிலும் இனி அவன்தான் சொல்ல வேண்டும்.

திறப்பு விழாவில் ஷாஸ்லி தன் அட்டையின் முன்னால் எல்லோருக்கும் இடைஞ்சலாக நின்றார். ‘ஷாஸ்லி. படகோட்டிகளின் ஊரில் பிறந்தவர். சாரத்தின் மேல் தொழில் கற்றவர். ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் சொன்னதைக் கேட்டு, ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களுக்காக வரைந்தவர். கஃபாவின் அருகே முதலில் வரைந்த உருவத்தைப் பின்னர் தானே மறைத்துப் பேரீச்ச மரம் வரைந்தார். அந்த மரமும் இந்த ஓவியத்தின் பகுதியே.’ ஊர்த் தலைவர் அதைப் படித்துவிட்டு, ஏன் மறைத்தார் என்று மஹ்ரூஸிடம் கேட்டார். மஹ்ரூஸ் அவரை ஓரமாக அழைத்துக்கொண்டு போனான். திரும்பி வந்த தலைவர் பஹிய்யாவின் நாற்காலி அருகே குனிந்து, அவர் தலையில் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

“எப்படி?” என்றாள் நெர்மீன், அட்டையைக் காட்டி.

“பரவாயில்ல,” என்றார் ஷாஸ்லி. “ஒட்டகத்தப் பத்தி ஒரு வரி போட்டிருக்கலாம்.”

குலுக்கலுக்குப் பெயர் கொடுத்த வாரத்தில், யாரும் கூப்பிடாமலேயே ஷாஸ்லி மஹ்ரூஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். சாலையைப் பார்த்த சிமெண்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். கடல் எங்கே, கப்பலுக்குப் பதில் விமானம் எங்கே, கஃபா எங்கே என்று கண்ணாலேயே இடம் பிரித்தார். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பஹிய்யா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னடா தட்டுற? இன்னும் பேரே வரல.”

“பூச்சு காயணும். இப்பவே பாத்து வச்சாத்தான் நீங்க கிளம்புன அன்னைக்குச் சாரம் கட்ட முடியும்.”

“இந்தத் தடவ நான் போயிட்டு வந்தப்புறம் போடு. பட்டது போதும்.”

“முடியாது. நீங்க வந்து எறங்கறப்ப வெறுஞ்சுவரா நிக்கும்? என் பேரு என்னாகுறது? மொதல்லதான் போடுவேன்.”

“போட்டுட்ட. நான் பாதியிலயே திரும்பி வந்துட்டேன். அப்ப?”

ஷாஸ்லி சுவரின் நடுவில், கஃபாவுக்கு என்று ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கையை வைத்து அளவு பார்த்தார். ஒரு பெண் கைகளை உயர்த்தி நிற்கத் தாராளமாக இடம் இருந்தது.

“அப்பன்னா என்ன அக்கா,” என்றார், திரும்பிப் பார்க்காமலே. “பேரீச்ச மரம் போட எனக்குத் தெரியாதா?”